‘டிரிங்கோமலி’ கப்பல்: எந்த மரத்தை மாற்றுவது, எந்த மரத்தை விட்டுவைப்பது?

கேள்வி: திருமலைக்காரி

அனைவருக்கும் வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது திருகோணமலையில். இப்போது குடும்பத்தோடு இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதியில் இருக்கிறேன். எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய பழைய பாய்மரப் போர்க்கப்பல் ஒன்று ஹார்ட்டில்பூல் துறையில் நிற்பதாகப் பல ஆண்டுகளாகக் கேள்விப்பட்டிருந்தும், சென்ற மாதம்தான் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பார்க்க வாய்த்தது. 1817ஆம் ஆண்டு பம்பாயில் மலபார்த் தேக்கில் கட்டிய கப்பல் அது.

கீழ்த்தளத்தில் குனிந்தபடி நடந்துகொண்டிருந்தபோது, நிலை தடுமாறி ஓர் உத்தரத்தைப் பிடித்துக்கொண்டேன். அதன் ஒரு பக்கம் கரும்பழுப்பு நிறத்தில், நகம் நுழையும் அளவுக்கு நெடுக வெடித்து, ஆனாலும் கருங்கல்லைப் போல இறுகி இருந்தது. மறுபக்கம் நிறம் வெளிறி, வழவழப்பாக இருந்தது. இரண்டு மரமும் சேர்ந்த கோடு குறுக்காக வெட்டியதாக இல்லாமல், ஒரு முழத்துக்கும் அதிகமாக நீண்டு சாய்வாகச் சென்றது. விரலை வைத்துத் தடவினால் மட்டுமே அந்தக் கோடு தெரிந்தது. அத்தனை நெருக்கமான பொருத்து.

என் அம்மப்பாவிடம் ஒரு வள்ளம் இருந்தது. ஆண்டுக்கொரு முறை அதைக் கரையேற்றிக் கவிழ்த்துவைத்து, ஒரு பலகையை மாற்றுவதா வேண்டாமா என்று இரண்டு மூன்று நாள் சுற்றிச் சுற்றி வருவார். “கழற்றுவது ஒரு நிமிடம், மகள், பிறகு வள்ளம் பழைய வள்ளமாக இருக்காது” என்பார். அந்த உத்தரத்தின் மேல் கை பட்டதும் அவருடைய நினைவு வந்துவிட்டது. அதனால்தான் இதைக் கேட்கிறேன். இருநூறு ஆண்டுப் பழமையான கப்பலில் எந்த மரத்தை எடுப்பது, எதை விடுவது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? மரத்தை அழுக வைப்பது தண்ணீர்தான் என்றால், இந்தக் கப்பலை ஏன் இன்னும் தண்ணீரிலேயே நிறுத்தியிருக்கிறார்கள்? போர்ட்ஸ்மவுத்தில் உள்ள ‘விக்டரி’ என்ற பழைய போர்க்கப்பல் நூறாண்டுக்கும் மேலாக உலர்துறையில் நிற்கிறதே, அதுதானே பாதுகாப்பு? தொழில் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: ஏரா

வணக்கம், சகோதரி. முப்பது ஆண்டுகள் கப்பல் ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பிழைப்புக்கு இரும்புக் கப்பல்கள் என்றாலும், மரக் கப்பல்களைத் தேடிப் போய்ப் பார்ப்பதை இன்றுவரை விடவில்லை. எதை மாற்றுவது என்ற கேள்விக்குப் பாதி விடை அந்தக் கப்பல் எப்படித் தப்பிப் பிழைத்தது என்பதிலேயே இருப்பதால், அங்கிருந்து தொடங்குகிறேன்.

நெப்போலியனோடு நடந்த நீண்ட போரில் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆகவே பம்பாயில் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டிவந்த பார்சி வாடியாக் குடும்பத்தாரிடம் 1812ஆம் ஆண்டு இந்தக் கப்பலுக்கான ஆணை தரப்பட்டது. வரைபடங்களை ஏற்றிவந்த ‘ஜாவா’ என்ற கப்பலை, அதே ஆண்டு டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் ‘கான்ஸ்டிடியூஷன்’ என்ற போர்க்கப்பல் தோற்கடித்துக் கைப்பற்றிவிட்டதால், மீண்டும் வரைபடங்கள் வந்து சேர்ந்து, 1816இல்தான் ஏரா, அதாவது கப்பலின் அடியில் நெடுக ஓடும் முதுகெலும்பு மரம், வைக்க முடிந்தது. கப்பல் நீரில் இறங்கிய நாள் 1817 அக்டோபர் 12. வரைபடத்தைக் கைப்பற்றிய கான்ஸ்டிடியூஷனும், அதனால் தாமதமான டிரிங்கோமலியும்தான் இன்று உலகில் மிதந்துகொண்டிருக்கும் மிகப் பழைய போர்க்கப்பல்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

கப்பல் 1819இல் போர்ட்ஸ்மவுத் வந்து சேர்ந்தபோது போர் எப்போதோ முடிந்திருந்தது. 1845 வரை, அதாவது கால் நூற்றாண்டுக்கும் மேலாக, அதை வேலையின்றிக் கட்டிப்போட்டு வைத்திருந்தார்கள். மரக் கப்பலுக்கு அதைவிடக் கெடுதி வேறில்லை. கதவுகள் மூடி, காற்றோட்டம் நின்று, மழைநீர் கசிந்து, உள்ளுக்குள்ளேயே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். 1810இல் நீரில் இறக்கிய ‘குயின் ஷார்லட்’ என்ற பெரிய ஓக் கப்பல் கடலுக்குப் போவதற்கு முன்பே உளுத்துப்போய்ப் பெரும் பழுதுபார்ப்புக்கு வந்துவிட்டது. டிரிங்கோமலி அப்படி ஆகாமல் தாங்கியதற்குக் காரணம் தேக்கு. தேக்கில் இயல்பாகவே உள்ள எண்ணெய்ப் பசை பூஞ்சையையும் கறையானையும் அண்டவிடாது. வெயிலுக்கும் ஈரத்துக்கும் அது அதிகம் சுருங்கி விரியாது. ஓக் மரத்தில் உள்ள அமிலம் இரும்பு ஆணியை அரித்துத் தின்பதைப் போலத் தேக்கு அரிப்பதுமில்லை.

பிற்பாடு 1897இல் அது உடைப்பதற்கென்று விலைக்குப் போனது. அந்நேரத்தில் வீட்லி காப் என்பவர் இளைஞர்களுக்குப் பயிற்சி அளிப்பதற்காக அதை வாங்கி, அதே ஆண்டு புயலில் பிளாக்பூல் கரையில் மோதி அழிந்த தம் பழைய கப்பலின் நினைவாக ‘ஃபூட்ராயன்ட்’ என்று பெயர் மாற்றினார். 1986 வரை அந்தப் பெயரில் பயிற்சிக் கப்பலாகவே இருந்தது. 1987இல் மிதவையில் ஏற்றி ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே அப்போதுதான் ‘வாரியர்’ என்ற 1860ஆம் ஆண்டு இரும்புக் கப்பலைப் புதுப்பித்து அனுப்பியிருந்தார்கள். கப்பல் பட்டறைகள் மூடிப்போய் வேலையிழந்த ஊரில், பழங்கப்பல் வேலையில் கை பழகியவர்கள் இருந்தார்கள். 1990இல் தொடங்கிய வேலை 2001இல் முடிந்தது. கப்பலின் உடலில் பெரும்பகுதி இன்றும் பம்பாயில் வைத்த தேக்குதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாற்றுவதா என்ற முடிவைக் கண்ணை நம்பி எடுப்பதில்லை. மேலே வெடித்துக் கறுத்திருக்கும் மரம் உள்ளே திடமாக இருக்கும். பளபளவென்று வண்ணம் பூசிய மரம் உள்ளே தூளாக இருக்கும். முதலில் சிறு சுத்தியலால் தட்டிக் கேட்பார்கள். நல்ல மரம் கணீரென்று பேசும். கெட்ட மரம் மத்தளத்தில் ஈரத்துணி போட்டதுபோல் மந்தமாகப் பேசும். ஐயம் வந்த இடத்தில் துறப்பணத்தால் மெல்லிய துளை இட்டு, வெளியே வரும் துருவலைப் பார்ப்பார்கள். நீண்டு சுருண்டு வந்தால் மரத்தில் உயிர் இருக்கிறது. பொடியாக உதிர்ந்தால் இல்லை. துளையை உடனே மர ஆணியால் அடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஆய்வே நோய்க்கு வழி திறந்துவிடும்.

எங்கே தேடுவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் ஏறக்குறைய 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அது வளராது. முழுக்க நீரில் ஊறிக் காற்றுப் புகாமல் இருந்தாலும் வளராது. கடல் உப்பும் அதற்குப் பகை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கப்பல்கட்டிகள் வங்குகளுக்கு (கப்பலின் விலா மரங்களுக்கு) இடையே கல்லுப்பைக் கொட்டி நிரப்பியதும் அதனால்தான். ஆக, கப்பலின் உண்மையான எதிரி மேலிருந்து வரும் மழைநீர். மேல்தளத்தின் விளிம்பு, உத்தரம் கப்பலின் பக்கத்தைச் சந்திக்கும் முனை, அணியத்திலும் (முன்முனை) அமரத்திலும் (பின்முனை) நீர் தங்கும் மூலைகள், இரும்பு போல்ட்டைச் சுற்றிய மரம் ஆகியவைதான் முதலில் போகும். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள மரம் பெரும்பாலும் கடைசியில்தான் போகும்.

இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பாதி விடை வந்துவிட்டது. மீதிப் பாதி, கப்பலின் வடிவத்தைப் பற்றியது. மரக் கப்பலை எல்லாப் பக்கத்திலிருந்தும் நீர் தாங்கிப் பிடிப்பதாக எண்ணித்தான் கட்டினார்கள். கரையில் தூக்கி வைத்தால் அந்தப் பாரம் முழுவதும் சில முட்டுகளின் மேல் இறங்கி, பக்கங்கள் மெல்ல மெல்ல வெளியே சரியும். 1922 முதல் உலர்துறையில் நிற்கும் விக்டரிக்கு அதுதான் நேர்ந்தது. பழைய இரும்புத் தாங்கிகள் கப்பலை ஒரே இடங்களில் அழுத்திக்கொண்டிருந்ததால், அண்மையில் அவற்றுக்குப் பதிலாக 134 முட்டுகளை நிறுத்தி, ஒவ்வொன்றும் எவ்வளவு பாரம் சுமக்கிறது என்று அளந்துகொண்டே இருக்கும்படி செய்திருக்கிறார்கள். நீர் கொடுத்த தாங்கலை இரும்பால் செய்துகாட்டும் முயற்சி அது.

நீரிலும் தொல்லை இல்லாமல் இல்லை. நடுப்பகுதியை நீர் அதிகமாக மேலே தள்ளும். கூர்மையான இரு முனைகளுக்கும் அந்த ஆதரவு குறைவு. ஆண்டுகள் போகப் போக ஏரா நடுவில் உயர்ந்து, முனைகள் தொங்கி, வில்லைக் கவிழ்த்ததுபோல் வளையும். கான்ஸ்டிடியூஷனில் அந்த வளைவு ஓரடியைத் தாண்டியிருந்தது. அதன் மூல வடிவத்தில் உள்ளே குறுக்குச் சாய்வாக வைத்திருந்த தாங்குகட்டைகளைப் பிற்காலப் பழுதுபார்ப்பில் யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். 1992இல் தொடங்கிய வேலையில் அவற்றை மீண்டும் வைத்த பிறகே கப்பலுக்கு முதுகெலும்பு நிமிர்ந்தது. 1997இல் அது 116 ஆண்டுகளுக்குப் பின் தன் பாயை விரித்துத் தானே ஓடியது. ஒரு துண்டு மரம் தேவையற்றதென்று தோன்றினாலும், அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியும்வரை அதன்மேல் கைவைக்கக் கூடாது என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மறுமொழி: கொட்டாப்புளி

சகோதரிக்கும் ஏரா அண்ணாச்சிக்கும் வணக்கம். தூத்துக்குடியில் தோணி வேலை செய்துவந்த ஓடாவிக் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். வெளிநாட்டுக் கப்பல்களைப் படத்தில் பார்த்ததோடு சரி. ஆனாலும் மரம் எல்லா ஊரிலும் மரம்தான் என்பதால், கையால் செய்யும் பகுதியைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நீங்கள் உத்தரத்தில் பார்த்த அந்தச் சாய்வுக் கோட்டைப் பற்றி முதலில் சொல்கிறேன். இரண்டு மரங்களைக் குறுக்காக வெட்டி முட்டவைத்தால், அந்த இடத்தில் பலம் முழுவதும் ஆணியை நம்பியே நிற்கும். நீளமாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று படியவைத்தால் ஒரு மரத்தின் பாரம் அடுத்ததில் மெதுவாக இறங்கும். மரம் எவ்வளவு தடிமனோ அதைப்போலப் பல மடங்கு நீளத்துக்குச் சாய்வு வேண்டும். அதைச் சீவும்போது இரண்டு முகத்திலும் செங்காவியோ கரியோ தடவி ஒட்டிப் பார்த்து, நிறம் பட்ட மேட்டை மட்டும் வாச்சியாலும் (மரம் செதுக்கும் கருவி) இழைப்புளியாலும் எடுத்து, மறுபடி ஒட்டிப் பார்த்து, இப்படி ஒரு நாள் முழுவதும் போகும். என் தகப்பனார் ஒரு பொருத்தைப் பதினோரு முறை ஏற்றி இறக்கியதை நான் அருகில் நின்று எண்ணியிருக்கிறேன்.

அடுத்தது, மரத்தின் வரி. வளைந்த வங்குக்கு நேர்மரத்தை வாங்கி வளைவாக அறுத்தால் வரி குறுக்கே வெட்டுப்பட்டுவிடும். பாரம் ஏறியதும் அந்த வரியிலேயே பிளக்கும். ஆகவே வளைந்து வளர்ந்த மரத்தையே தேடவேண்டும். எங்கள் பக்கத்தில் வங்குக்குக் கருவேலம் தேடிப் போவது அதற்காகத்தான். காட்டில் நிற்கும்போதே, “இந்தக் கிளை அணியத்து வங்கு, அந்தக் கவடு முழங்கால்” என்று பெரியவர்கள் கைகாட்டிச் சொல்வார்கள். முழங்கால் என்பது உத்தரத்தையும் பக்கத்தையும் இணைக்கும் வளைந்த மரம். பலகைக்கு வளைவு வேண்டுமானால் நீராவியில் வேகவைப்பார்கள். ஓரங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு. வெளியே எடுத்ததும் சில நிமிடங்களுக்குள் இடத்தில் அமர்த்தி இறுக்கிவிட வேண்டும். ஆறிய பலகை யார் பேச்சையும் கேட்காது.

பழைய பலகைகளை எடுக்கும்போது ஒரே பக்கத்தில் வரிசையாகக் கழற்றிக்கொண்டு போகவே கூடாது. கப்பல் ஒரு பீப்பாயைப் போல. பலகைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இந்தப் பக்கம் ஒன்று எடுத்தால் அந்தப் பக்கம் ஒன்று, இடையில் இரண்டு மூன்றை விட்டு அடுத்தது, எடுத்த இடத்தில் புதியதை ஏற்றிய பிறகே மேலே போவது என்று பொறுமையாகச் செய்யவேண்டும். அடுத்தடுத்த பலகைகளின் முனைகள் ஒரே வங்கில் வந்து முடியாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். தொடங்குவதற்கு முன்பே ஏராவின் ஓரமாக அணியத்திலிருந்து அமரம்வரை ஒரு நூலை இழுத்துக் கட்டி, தினமும் காலையில் அதைப் பார்ப்போம். இப்போது ஒளிக்கற்றை வைத்து அளக்கிறார்களாம். நூலும் அதே வேலையைத்தான் செய்தது.

கலப்பத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. பலகைக்கும் பலகைக்கும் இடையே உள்ள இடுக்கில் திரித்த பஞ்சையோ நாரையோ வைத்து, மழுங்கிய உளியால் கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியல் கொண்டு அடித்து இறுக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய குழம்பை ஊற்றுவது எங்கள் வழக்கம். ஐரோப்பியக் கப்பல்களில் பழைய கயிற்றைப் பிரித்தெடுத்த நாரும் கீலும் (தாரும்). பார்ப்பதற்கு ஓட்டை அடைக்கும் வேலைபோல் தெரியும். உண்மையில் அந்த இறுக்கம்தான் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுகாமல் கப்பலை ஒரே உடலாக்குகிறது. குறைத்து அடித்தால் கசியும். அதிகமாக அடித்தால் பலகையையே வங்கிலிருந்து தள்ளிவிடும். சரியான அளவை ஓசையைக் கேட்டுத்தான் பிடிக்கவேண்டும். பஞ்சு தளர்வாக இருக்கும்போது ‘தொப் தொப்’ என்று விழும் அடி, இறுக இறுக மேலேறி, உளி துள்ளித் திரும்பும்போது மணியடித்தாற்போல் கேட்கும். எதிர்ப்பக்கத்தில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தபடியே, “அங்கே இன்னும் இரண்டு” என்று சொல்லக்கூடிய மூத்த ஓடாவிகளிடம்தான் நான் வேலை கற்றேன்.

எங்களுக்கு நேர்ந்த ஒரு தவறையும் சொல்கிறேன். ஒரு தோணிக்காரர் அவசரப்படுத்தியதால், காயாத பலகை இரண்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே வைத்துவிட்டோம். பங்குனி வெயிலில் அவை சுருங்கி, கலப்பத்து உள்ளே தளர்ந்துபோயிற்று. சரக்கேற்றித் தோணி அமிழ்ந்ததும் இடுக்கு வழியே நீர் பாய்ந்து, இரவு முழுவதும் ஆறு பேர் இறைத்துக் கரைசேர்த்தார்கள். உயிர்ச்சேதம் இல்லாதது கடவுள் செயல். அதற்குப் பிறகு காயாத மரத்தை எங்கள் பட்டறைக்குள் ஏற்றவே தகப்பனார் விடவில்லை. எனவே என் கருத்து இதுதான்: ஐயம் இருந்தால் நல்ல மரம் தட்டுப்படும்வரை தயங்காமல் வெட்டி எடுத்துவிட வேண்டும். கெட்ட மரம் ஒரு விரற்கடை மிச்சமிருந்தாலும் பக்கத்திலிருக்கும் நல்லதைக் கெடுக்கும்.

திருமலைக்காரி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஓசையைப் பற்றிய பகுதியைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மப்பாவும் வள்ளத்தைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் ஒன்றில் மட்டும் மனம் சமாதானமாகவில்லை. நல்ல மரம் தட்டுப்படும்வரை வெட்டுவது என்றால், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, இன்னும் நூறு ஆண்டில் பம்பாய்த் தேக்கு ஒரு துண்டுகூட மிஞ்சாதே. கடலில் ஓடும் தோணிக்கு அது சரி. இந்தக் கப்பலுக்கும் அதே விதியா?

மறுமொழி: பழம்பொருள் பேணுநர்

வணக்கம், அம்மா. அருங்காட்சியகம் ஒன்றில் மரப்பொருள்களைப் பேணும் பணியில் இருக்கிறேன். கொட்டாப்புளி ஐயா எழுதியதில் தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை ஒரு சொல்லையும் மறுக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் அவருடைய கடைசிக் கருத்தோடு நான் முழுமையாக உடன்படவில்லை. நீங்கள் கேட்ட கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

ஓடும் தோணியில் பலகையின் பயன் நீரைத் தடுப்பது. பழங்கப்பலின் பலகைக்கு இன்னொரு பயனும் உண்டு. அதில் வாச்சி பட்ட தழும்பு இருக்கிறது, மரத்தை எண்ணிட்டுவைத்த கீறல் இருக்கிறது, பின்னாளில் யாரோ பிடுங்கி வேறிடத்தில் அடித்த ஆணியின் துளை இருக்கிறது. பம்பாய்த் தச்சர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்பதற்கு அந்தத் தழும்புகளே நேரடிச் சாட்சி. ஒரு விரற்கடை அழுகலுக்காக ஆறடி மரத்தை வெட்டி எடுத்தால் அந்தச் சாட்சியும் போய்விடுகிறது. ஆகவே அழுகல் பரவாதபடி ஈரத்தின் வழியை முதலில் அடைப்பது, காற்றோட்டம் கொடுப்பது, மரத்தை உலரவிடுவது, பாரம் தாங்காத இடத்தில் மட்டும் குறைந்த அளவு வெட்டிப் புதுத்துண்டு பொருத்துவது என்ற வரிசையில் போகவேண்டும் என்பது எங்கள் துறையின் வழக்கம். கட்டடங்களுக்காக 1964இல் எழுதிய வெனிஸ் சாசனத்தின் கொள்கையையே பழங்கலங்களுக்கு ஏற்றவாறு பார்சிலோனா சாசனம் என்று பின்னாளில் வகுத்தார்கள். புதுத்துண்டு எது, பழையது எது என்று நெருங்கிப் பார்ப்பவருக்குத் தெரியவேண்டும் என்பதும், செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதிவைக்க வேண்டும் என்பதும் எங்களைப் போன்றவர்கள் கைவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் நெறிகள். உங்கள் விரலுக்கு மட்டும் தெரிந்த அந்தக் கோடு அந்த நெறிக்கும் பொருந்துகிறது, தச்சுத் தொழிலின் நெறிக்கும் பொருந்துகிறது.

மிதக்கவே வேண்டாம், அப்படியே பாதுகாத்தால் போதும் என்று முடிவு செய்தாலும் வேலை ஓய்வதில்லை. 1628இல் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கிய ‘வாசா’வை 1961இல் மேலே கொண்டுவந்தார்கள். முந்நூறு ஆண்டுகள் நீரில் ஊறிய மரம் திடீரென்று காய்ந்தால் சுருங்கி வெடித்துவிடும் என்பதால், நீருக்குப் பதிலாக மெழுகைப் போன்ற பாலி எத்திலீன் கிளைக்காலை மரத்துக்குள் ஏற்ற, 17 ஆண்டுகள் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். அவ்வளவும் செய்த பிறகு, அழுக்கு நீரிலிருந்து மரத்துக்குள் ஏறியிருந்த கந்தகம், துருப்பிடித்த இரும்பின் துணையோடு கந்தக அமிலமாக மாறிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துருவேறா எஃகால் மாற்றவேண்டியதாயிற்று. இதையும் நினைவில் வைக்கவேண்டும்: காட்சிக்கூடத்தின் உலர்ந்த காற்றில் நிற்கும் வாசாவுக்கு அந்த எஃகு பொருந்தும், ஆனால் காற்றுப் புகாத ஈரமரத்துக்குள் அதே எஃகு சத்தமின்றி அரிக்கப்படும். மிதக்கும் கப்பலுக்குச் செம்பும் வெண்கலமுமே நம்பிக்கையானவை.

எந்த ஆண்டுக்குத் திருப்புவது என்பதும் எளிதில் தீர்க்கமுடியாத கேள்வி. விக்டரி 1765இல் நீரில் இறங்கியது. ஆனால் 1920களில் அதைப் புதுப்பித்தவர்கள் 1805ஆம் ஆண்டு டிரபால்கர் போரில் இருந்த தோற்றத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குப் பிந்தைய நூறாண்டு உழைப்பின் அடையாளங்கள் அப்போது அகற்றப்பட்டன. பிற்காலத்தில் அதன் உளுத்த ஓக்குக்குப் பதிலாகத் தேக்கும் ஆப்பிரிக்க இரோக்கோவும் வைத்தார்கள். நீடித்து நிற்கும் மரம் என்பதில் ஐயமில்லை. மூலக் கப்பலின் மரம் அதுவன்று என்பதிலும் ஐயமில்லை. ஏற்ற மரம் கிடைப்பதே இன்று பெரும்பாடு. அமெரிக்காவின் மிஸ்டிக் துறையில் 1841ஆம் ஆண்டுத் திமிங்கில வேட்டைக் கப்பலான ‘சார்லஸ் டபிள்யூ. மார்கனை’ப் புதுப்பித்தபோது, கத்ரீனா புயலில் சாய்ந்த ஓக் மரங்களையும், பாஸ்டனில் பழைய கடற்படைத் தளத்தில் கட்டடத்துக்குத் தோண்டியபோது மண்ணுக்கடியில் கிடைத்த, ஒரு காலத்தில் கப்பலுக்கென்று புதைத்துவைத்து மறந்துபோன ஓக் கட்டைகளையும் கொண்டுவந்து வங்கு செய்தார்கள். அந்தக் கப்பல் 2014இல் மீண்டும் கடலுக்குப் போனது.

கடைசியாக ஒன்று. டிரிங்கோமலி ஃபூட்ராயன்ட் என்ற பெயரில் இருந்தபோது அதன் அருகிலேயே ‘இம்ப்ளேக்கபிள்’ என்ற இன்னொரு கப்பலும் நின்றது. பிரெஞ்சுக்காரர்கள் கட்டி, டிரபால்கரில் பிரெஞ்சுப் பக்கத்தில் போரிட்டு, பின்னர் பிரிட்டன் கைப்பற்றிய கப்பல் அது. பழுதுபார்க்கப் பணமில்லை என்று 1949 டிசம்பரில் இரு நாட்டுக் கொடிகளையும் ஏற்றிக் கடலுக்கு இழுத்துச்சென்று வெடிவைத்து மூழ்கடித்தார்கள். எவ்வளவு வெட்டலாம், எவ்வளவு விடலாம் என்று நாம் இங்கே வாதாடுவதற்கும் ஒரு கப்பல் மிஞ்சியிருக்க வேண்டும் அல்லவா? ஆகவே, கொட்டாப்புளி ஐயா சொல்வதுபோல் தயங்காமல் வெட்டவேண்டிய இடமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீர்மட்டத்துக்குக் கீழே, ஏராவை ஒட்டி, ஒரு பலகை போனால் கப்பலே போகும் என்ற இடத்தில் தழும்பைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

கொட்டாப்புளி

பேணுநர் ஐயா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். நீர்மட்டத்துக்குக் கீழே நான் சொன்னதும், மேலே உள்ள உத்தரத்துக்கும் தளத்துக்கும் அவர் சொன்னதும் என்று வைத்துக்கொள்ளலாம்; எனக்கு அதில் மறுப்பில்லை. வெட்டி எடுத்த பழைய துண்டை எரித்துவிடாமல் எங்கிருந்து எடுத்தது என்று எழுதிக் கட்டிவைக்கும் வழக்கம் எங்களிடம் இருந்திருந்தால், என் பாட்டனார் கட்டிய தோணியின் ஒரு முழங்காலாவது இன்று என் கையில் இருந்திருக்கும். எல்லாம் அடுப்புக்குப் போயிற்று.

சகோதரி, நீங்கள் மறுபடி அந்தக் கப்பலுக்குப் போனால் ஒன்றைக் கவனித்துச் சொல்லவேண்டும். ஏராவை ஒட்டி, ஒவ்வொரு வங்கின் அடியிலும் நீர் ஓடுவதற்கென்று சிறு பள்ளம் வெட்டியிருப்பார்கள். உள்ளே கசியும் நீர் அந்த வழியே ஓடிவந்து இறைக்கும் குழிக்குச் சேரவேண்டும். அது தூசியாலும் மரத்தூளாலும் அடைபட்டால் நீர் வங்குகளுக்கு நடுவே தேங்கி, ஏராவின் தலையிலேயே அழுகல் பிடிக்கும். எங்கள் தோணிகளில் அந்தப் பள்ளங்கள் வழியாக ஒரு கயிற்றை நெடுக விட்டு, தினமும் காலையில் முன்னும் பின்னும் இழுத்து அடைப்பை எடுப்போம். கீழறைக்குள் பார்க்க அனுமதித்தால், அங்கே அப்படிக் கயிறு ஓடுகிறதா, சங்கிலி ஓடுகிறதா என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

திருமலைக்காரி

அடுத்த சனிக்கிழமை போகிறோம், அண்ணா. கீழறைக்கு விடுவார்களா என்று தெரியாது. அங்கே வேலை செய்பவர்களிடம் கேட்டாவது எழுதுகிறேன். மூத்தவன் சிறு மரச்சுத்தியல் ஒன்றைக் கொண்டுவரலாமா என்று கேட்கிறான். அதற்கு அனுமதியில்லை, காதை மட்டும் கொண்டுவா என்று சொல்லியிருக்கிறேன்.